வார்ட்டிலிருந்து வினாத்தாளுக்கு: நேர்சிங்கை விட்டு மெடிசினுக்குப் போக நினைப்பவர்களுக்கு

ரொறன்ரோவில் இருக்கும் சித்தி தொலைபேசியில் "பிரீமெட் எடுத்துப் படிக்கலாமே" என்று சொல்லுவா. கனடாவிலும் அமெரிக்காவிலும் அது சரியான பேச்சு. அங்கே முதலில் ஒரு பட்டப்படிப்பு, அதற்குள் மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்கள், பிறகு எம்கட் பரீட்சை, அதன் பின்தான் மருத்துவம். நேர்சிங் படிக்கும் பிள்ளை நடுவில் பாதை மாறலாம். இலங்கையில் அந்தப் படியே கிடையாது. தாதியர் பட்டப்படிப்பின் முதலாம் வருடத்தில் உடற்கூற்றியலுக்கு ஏ எடுத்திருந்தாலும் அதைக் காட்டி யாழ்ப்பாணத்தில் ஆடியபாதம் வீதியில் இருக்கும் மருத்துவபீடத்துக்குள் இடையில் நுழைய முடியாது. அரச பல்கலைக்கழகங்களின் மருத்துவபீட வாசல் ஒன்றுதான்: உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் உயர்தரத்தில் (ஏ.எல்.) எழுதி, இசட் புள்ளியோடு போவது. இசட் புள்ளி எப்படி வருகிறது என்பதைக் கீழே பார்ப்போம்.

இங்கே பாதை மாறுவது என்றால் பின்னால் போய் மறுபடி ஏ.எல். எழுதுவது. இருபது, இருபத்தொரு வயதில், கூடப்படித்தவர்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கும்போது அப்படித் திரும்புவது லேசான காரியமில்லை. அதைச் செய்து முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், செய்யப்போய் இரண்டையும் இழந்தவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசம் பெரும்பாலும் கெட்டித்தனத்தில் இருப்பதில்லை. கணக்குப் பார்க்கத் தவறியவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

மிச்சம் எத்தனை ஷை

முதற்கணக்கு இதுதான். உயர்தரப் பரீட்சையை ஒருவர் எத்தனை முறையும் எழுதலாம், ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் செல்லும். எழுதும் ஒவ்வொரு தடவையையும்தான் ஷை என்போம். அந்த மூன்றில் எது நல்லதோ அந்த ஒரு தடவையின் பெறுபேற்றைக் காட்டலாம். முதல் ஷையில் வந்த உயிரியல் ஏயையும் இரண்டாம் ஷையில் வந்த பௌதிகவியல் பியையும் சேர்த்துக் கட்ட முடியாது. மூன்று பாடமும் ஒரே தடவையில் வரவேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சை என்று எல்லோரும் கைவிடும் அந்தத் தாளிலும் குறைந்தது 30 புள்ளி வேண்டும்.

நேர்சிங்குக்கு வந்து சேர்பவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு ஷை முடித்தவர்கள். ஏன் என்றால் நாட்காட்டி அப்படி. ஒருகாலத்தில் ஆகஸ்டில் நடந்த பரீட்சை இப்போது அலைந்துகொண்டிருக்கிறது. 2022க்குரியது 2023 ஜனவரியில் தொடங்கியது, 2023க்குரியது 2024 ஜனவரியில், 2024க்குரியது அதே வருட நவம்பரில். 2024 நவம்பர், டிசம்பரில் எழுதியவர்களுக்குப் பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அதன் பிறகுதான் விண்ணப்பம், வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளி), தெரிவு, பதிவு. தாதியர் கற்கைநெறிக்கான கடிதம் கைக்கு வரும்போது அடுத்த பரீட்சைக்கான விண்ணப்பத் திகதி பெரும்பாலும் கடந்துவிட்டிருக்கும். விண்ணப்பம் பரீட்சைக்குப் பல மாதங்களுக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. "முதலில் கொஞ்சநாள் நேர்சிங்கில் இருந்து பார்ப்போம், பிடிக்காவிட்டால் எழுதுவோம்" என்று இருந்தவர்களுக்கு முழுதாக ஒரு வருடம் போவது இப்படித்தான். தனிப்பட்ட பரீட்சார்த்திக்கு அதிபர் நினைவூட்டமாட்டார். பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தைத் தானாகவே பார்த்து, அடையாள அட்டை இலக்கத்தோடு விண்ணப்பித்து, கட்டணம் செலுத்திய பற்றுச்சீட்டை வைத்திருக்கவேண்டும்.

ஒரு ஷை மாத்திரம் மிச்சம் இருந்தால் அதைப் பழக்கத்துக்கு எழுதக்கூடாது. "இந்த முறை சும்மா போய்ப் பார்த்துவிட்டு அடுத்தமுறை ஒழுங்காக" என்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. எழுதிய தடவை எழுதிய தடவைதான்.

மாவட்டக் கணக்கும் இதோடு சேர்ந்தது. உயிரியல் பிரிவில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைக்கேற்ப, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாக வகுக்கப்பட்ட மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளியும் முல்லைத்தீவின் வெட்டுப்புள்ளியும் ஒன்றல்ல. அதைக் கண்டு, அம்மம்மா வீட்டு விலாசத்தைப் போட்டு மாவட்டம் மாறலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்கவேண்டாம். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எங்கே படித்தார், எங்கே வசித்தார் என்று கேட்பார்கள். பிழையான விபரம் பிடிபட்டால் கிடைத்த இடமும் போகும்.

பயிற்சிக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் ஒன்றல்ல

"நான் நேர்சிங் படிக்கிறேன்" என்று சொல்பவர்கள் இரண்டு வகை. இருவருக்கும் வெளியே வரும் வழி வேறு.

சுகாதார அமைச்சின் கீழுள்ள தாதியர் பயிற்சிக் கல்லூரியில் இருப்பவர் மூன்று வருட டிப்ளோமாவில் இருக்கிறார். மாதாந்தக் கொடுப்பனவு வாங்குகிறார், சேரும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறார். அவருடைய சிக்கல் அந்த ஒப்பந்தம். நடுவில் விலகினால் என்ன திருப்பிக் கட்டவேண்டும், பிணை வைத்தவர்கள் யார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். சேர்ந்த பரபரப்பில் யாரும் வாசிப்பதில்லை. பிரதியை எடுத்து, அப்பாவோடு அல்லது பிணை நின்ற பெரியப்பாவோடு இருந்து வாசியுங்கள். காசு கட்டவேண்டி வந்தால் முதலில் அவருடைய வீட்டுக்குத்தான் கடிதம் போகும், அவருக்குத் தெரியாமல் விலகுவது நியாயமுமில்லை. ஒவ்வொரு மாதமும் வாங்கிய கொடுப்பனவைக் கூட்டிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாட்கள் போகப்போக அந்தத் தொகை ஏறுமே தவிர இறங்காது.

பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்சி. நேர்சிங் படிப்பவருக்கு ஒப்பந்தக் கவலை இல்லை, பதிவுக் கவலை உண்டு. அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்படிப்புக்கு ஒருமுறை பதிவு செய்தவர் மறுபடி இன்னொரு கற்கைநெறிக்குத் தெரிவாவதற்குக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் மாணவர் கைநூலில் தகுதி, தகுதியின்மை, பதிவை இரத்துச் செய்தல் என்று தனியாக எழுதியிருப்பார்கள். பழைய வருடக் கைநூலைப் பார்த்து முடிவெடுக்கக்கூடாது, சிரேஷ்ட மாணவர் சொன்னதை வைத்தும் எடுக்கக்கூடாது. உங்கள் பெயர், சுட்டிலக்கம், எந்த வருடப் பெறுபேற்றில் எந்தக் கற்கைநெறிக்கு எந்தத் திகதியில் பதிந்தீர்கள் என்பதை எழுதி, ஆணைக்குழுவிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் "பிரச்சினை இல்லை" என்று சொன்னவரின் பெயர் இரண்டு வருடம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இன்னும் பதியவில்லை, கடிதம் மாத்திரம்தான் வந்திருக்கிறது என்றால் நல்ல இடத்தில் நிற்கிறீர்கள். அந்தக் கையெழுத்தை வைக்கமுதல் மேலே சொன்னதை முடித்துவிடுங்கள்.

இசட் புள்ளி எங்கே ஏறும்

ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் அந்தப் பாடத்தின் இசட். மூன்றின் சராசரிதான் உங்கள் இசட் புள்ளி. இதைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் இதை வைத்துப் படிப்பைத் திட்டமிடுபவர்கள் குறைவு.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உயிரியல் 75, சராசரி 50, நியம விலகல் 15. இரசாயனவியல் 70, சராசரி 45, விலகல் 18. பௌதிகவியல் 52, சராசரி 42, விலகல் 20. இசட் முறையே 1.667, 1.389, 0.5. சராசரி 1.185. இப்போது உயிரியலை 75இலிருந்து 85ஆக ஏற்றினால் சராசரி 1.407. பௌதிகவியலை 52இலிருந்து 72ஆக ஏற்றினால் 1.519. புள்ளிக்குப் புள்ளி பார்த்தால் உயிரியல்தான் இலாபம், விலகல் சிறிது என்பதால். ஆனால் 75இலிருந்து 85க்குப் போவதற்கு எரிக்கும் மணித்தியாலங்களையும் 52இலிருந்து 72க்குப் போவதற்கு எரிக்கும் மணித்தியாலங்களையும் எடைபோட்டால் விடை மாறிவிடும். மேலே போகப்போக ஒவ்வொரு புள்ளியும் கடினம்.

நேர்சிங்கிலிருந்து வருபவர் விழும் குழி இதுதான். உயிரியல் கைக்குப் பழகியது, இனிக்கிறது, அதனால் அதையே படித்துக்கொண்டிருப்பார். பௌதிகவியலை இரண்டு வருடமாகத் தொட்டிருக்கமாட்டார். பௌதிகவியலும் இரசாயனவியலும் கணிதப் பிரிவுப் பிள்ளைகளும் எழுதும் பாடங்கள் என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் புள்ளி ஒப்பிடப்படுவது அவர்களோடும் சேர்த்துத்தான்.

நேர்சிங் எதைத் தரும், எதைத் தராது

"ஒரு வருடம் அனாட்டமி, பிசியோலொஜி படித்துவிட்டேன், பயோ பிரச்சினை இல்லை" என்பது பாதிதான் உண்மை. உயிரியல் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் விலங்கின் கட்டமைப்பும் தொழிற்பாடும், நுண்ணுயிரியல் ஆகிய இரண்டில் நேர்சிங் படிப்பு நன்றாகக் கைகொடுக்கும். கூர்ப்பும் அங்கிகளின் பல்வகைமையும், தாவர அலகு, சூழல் உயிரியல், மூலக்கூற்று உயிரியல் போன்றவற்றை மறந்துபோயிருப்பீர்கள். தாவர அலகு சின்னதுமல்ல. வார்ட்டில் காழைப் பற்றியோ இலைவாயைப் பற்றியோ யாரும் பேசப்போவதில்லை.

தெரிந்த பகுதியிலும் சொல் மாறிவிட்டது. நீங்கள் ஆர்ட்டரி, வெயின், நெஃப்ரோன் என்று ஆங்கிலத்தில் படித்திருப்பீர்கள். தமிழ்மொழி மூலம் எழுதும்போது நாடி, நாளம், சிறுநீரகத்தி என்று வரவேண்டும். இதற்கிடையில் தமிழ்நாட்டு யூடியூப் வகுப்புகளைப் பார்த்தால் தமனி, சிரை, செல் என்று மூன்றாவது தொகுதியொன்று மண்டைக்குள் ஏறிவிடும். நம்முடைய புள்ளித்திட்டத்தில் இருப்பது கலம், நொதியம், இழைமணி. விளக்கத்துக்கு யாருடைய காணொளியையும் பாருங்கள், எழுதிப் பழகுவது தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல் சொல்லில் இருக்கட்டும். புள்ளித்திட்டம் அந்தச் சொல்லை வைத்துத்தான் போகிறது. நோயாளியைப் பார்த்துச் சரியாகச் செய்யத் தெரிந்தவர், விடைத்தாளில் நான்கு புள்ளிக்குரிய கூற்றில் இரண்டை எழுதாமல் விட்டுவருவது வழமை. "தெரியும்தானே" என்று சுருக்கிவிடுவதால் வரும் வினை.

ஆனால் எதிர்பாராத இடத்தில் நேர்சிங் உதவுகிறது. அது அநேகமாக யாரும் பயன்படுத்தாத சொத்து என்பதால் கொஞ்சம் விரிவாக.

சாதாரண சேலைன் போத்தலை எடுங்கள். 0.9 சதவீதம் என்றால் ஒரு லீற்றரில் 9 கிராம் சோடியம் குளோரைட்டு. மூலர்த் திணிவு 58.5. ஒரு லீற்றருக்கு 0.154 மூல். கரைசலில் இரண்டு அயனாகப் பிரிவதால் துணிக்கைகள் 0.308 மூல். பக்கத்தில் தொங்கும் டெக்ஸ்ட்ரோஸ் 5 சதவீதம், லீற்றருக்கு 50 கிராம், குளுக்கோசின் மூலர்த் திணிவு 180, ஆகவே 0.278 மூல். அது பிரியாது. ஒன்றில் 9 கிராம், மற்றதில் 50 கிராம், ஆனாலும் இரண்டின் துணிக்கைச் செறிவும் கிட்டத்தட்ட ஒன்று, குருதிக்கும் அண்மை. செங்குழியம் வெடிக்காமலும் சுருங்காமலும் இருப்பது அதனால்தான். இரசாயனக் கணிப்பும் உயிரியலின் பிரசாரணமும் ஒரே கொக்கியில் தொங்குகின்றன.

அந்த போத்தலை ஒரு மீற்றர் உயரத்தில் தொங்கவிட்டால் கீழே அமுக்கம் 1 × 1000 × 10, அதாவது 10,000 பஸ்கால். இரசத்தில் சொன்னால் ஏறத்தாழ 74 மில்லிமீற்றர். நோயாளியின் மேல் குருதியமுக்கம் 120 மில்லிமீற்றர் என்றால் 0.12 × 13,600 × 10, அதாவது 16,320 பஸ்கால். நாளத்தின் அமுக்கம் மிகக் குறைவு, அதனால் டிரிப் இறங்குகிறது. தவறி நாடிக்குள் ஊசி போனால் குருதி குழாய் வழியே மேலே வருவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். தடித்த கனுலாவில் திரவம் ஏன் பாய்ந்துகொண்டு போகிறது என்பது புவாசேயின் சமன்பாடு: ஆரை இரண்டு மடங்கானால், நீளமும் அமுக்க வேறுபாடும் மாறாவிட்டால், பாய்ச்சல் 16 மடங்கு. ஆரையின் நான்காம் அடுக்கை மனப்பாடம் செய்து மறக்கும் பிள்ளைகளுக்கு நடுவில், விபத்து நோயாளிக்கு ஏன் பெரிய கனுலா போடச் சொல்கிறார்கள் என்று பார்த்தவர் அதை மறக்கமாட்டார்.

குருதியின் பி.எச். 7.4. காபோனிக்கமில தாங்கலின் பி.கே.ஏ. 6.1, இருகாபனேற்றுக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதம் 20க்கு 1. மடக்கை 20 என்பது 1.30, கூட்டினால் 7.4. இரசாயனச் சமநிலையில் தாங்கல் கரைசல் வினா வரும்போது இந்த ஒரு உதாரணம் சமன்பாட்டை நிமிர்த்தி வைத்துவிடும். ஓட்டோகிளேவ் 121 பாகையில் 15 நிமிடம், வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டலம்: நுண்ணுயிரியலில் கிருமியழித்தல், வெப்பவியலில் அமுக்கத்தோடு கொதிநிலை உயர்வது. ஸ்கேன் அறையில் குருதியோட்டத்தைப் பார்ப்பது டொப்ளர் விளைவு.

ஒரு கொப்பியில் இப்படி முப்பது, நாற்பது கொக்கிகளை எழுதிவைத்தால் வார்ட்டில் போன நாட்கள் வீண்போகாது. ஒரேயொரு கெட்ட பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு வரவேண்டும், கல்குலேட்டர். டிரிப் வீதம் கணக்கிட, 500 மில்லிலீற்றரை, மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் செற்றில் 4 மணித்தியாலத்துக்கு ஓடவிட நிமிடத்துக்கு 42 துளி என்று கைபேசியில் தட்டிப் பழகியிருப்பீர்கள். உயர்தரத்தில் இந்த மூன்று பாடங்களுக்கும் கல்குலேட்டர் கிடையாது. மடக்கை வாய்பாடும் கையால் பெருக்கலும் மறுபடி வரும்வரை பௌதிகவியல் தாளை நேரத்துக்குள் முடிக்க முடியாது. முதல் மூன்று கிழமை, தினம் இருபது நிமிடம் அதற்கென்றே ஒதுக்குங்கள்.

மணித்தியாலக் கணக்கு

காலை 7 மணிக்கு வார்ட், மதியத்துக்குப் பிறகு விரிவுரை, வீட்டுக்கு வர மாலை. நேர்மையாகப் பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டரை மணித்தியாலம், சனி ஞாயிறு சேர்த்துக் கிழமைக்கு 22. முப்பது கிழமைக்கு 660 மணித்தியாலம். அதில் பௌதிகவியலுக்கு 280, இரசாயனவியலுக்கு 230, உயிரியலுக்கு 150 என்று பிரிக்கலாம். படிப்பை விட்டுவிட்டு முழுநேரம் இருந்தால் கிழமைக்கு 45, முப்பது கிழமைக்கு 1,350. முதல் ஷையில் வெட்டுப்புள்ளிக்குப் பக்கத்தில் வந்து நின்றவருக்கு 660 போதலாம். இரண்டு சியும் (திறமைச் சித்தி) ஒரு எஸ்ஸும் (சாதாரண சித்தி) எடுத்தவருக்கு 1,350உம் இறுக்கம்தான். கசப்பாக இருந்தாலும் பழைய பெறுபேற்றுத் தாளை முன்னால் வைத்துக்கொண்டே பேசவேண்டும்.

விலகுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். ஆறு கிழமை, நேர்சிங்கில் இருந்துகொண்டே கிழமைக்கு 15 மணித்தியாலம் பௌதிகவியலும் இரசாயனவியலும் மட்டும் படித்துப் பாருங்கள். மணித்தியாலத்தைச் சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். ஆறு கிழமையில் 90 வரவேண்டும். 40 வந்தால், விலகினால் நேரம் கிடைக்கும் என்பது ஏமாற்று. நேரம் கிடைக்கும், படிப்பு வராது. 80க்கு மேல் வந்தால், அதற்கு மேல் இரண்டு தோணியில் கால் வைக்கவேண்டாம். தாதியர் படிப்பில் வரவு பொதுவாக 80 சதவீதம் கேட்பார்கள். வார்ட்டில் நாளைக் குறைத்து ரியூசனுக்குப் போய், வரவும் போதாமல் இசட்டும் போதாமல் நிற்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. இரவு டியூட்டி முடிந்த காலையில் பௌதிகவியல் கணக்குப் போட முயலாதீர்கள். படுத்து எழும்பிப் பின்னேரம் உயிரியல் பாருங்கள்.

ரியூசன் விடயத்தில் சுருக்கமாக. கொக்குவில், திருநெல்வேலி, நெல்லியடி, சாவகச்சேரி எங்கே போனாலும் தியறி வகுப்பு ஒன்று புதிதாகத் தொடங்கிக்கொண்டிருக்கும். அளவீட்டிலிருந்து ஆரம்பித்து இரண்டு வருடம் ஓடும் அந்த வகுப்பில் போய் இருந்தால் பரீட்சை வரும்போது அரைவாசியில் நிற்பீர்கள். உங்களுக்குத் தேவை மீட்டலும் வினாத்தாள் வகுப்பும். பலமில்லாத இரண்டு மூன்று அலகுக்கு மட்டும் தனியாக யாரையாவது பிடியுங்கள். மூன்று பாடத்துக்கும் ஐந்து வாத்தியார் வைத்தவர்கள் பஸ்ஸில்தான் படிப்பார்கள்.

முதல் இரண்டு கிழமையில், எதையும் திருப்பிப் பார்க்காமல், ஒவ்வொரு பாடத்திலும் ஒரு முழுக் கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்து எழுதுங்கள். பகுதி ஒன்று 50 பல்தேர்வு, இரண்டு மணித்தியாலம், வினாவுக்கு 2.4 நிமிடம். பகுதி இரண்டு மூன்று மணித்தியாலம்: அமைப்புக் கட்டுரை நான்கு, கட்டுரை நான்கு, வினாவுக்குச் சராசரி 22.5 நிமிடம். பிறகு புள்ளித்திட்டத்தை வைத்துத் திருத்தி, இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள்: படிக்கவேயில்லை, படித்தது மறந்தது, தெரிந்தும் பிழைவிட்டது, நேரம் போதவில்லை. முதலாவது அதிகம் என்றால் வளநூல். நான்காவது அதிகம் என்றால் இனி வளநூல் வாசித்துப் பயனில்லை, நேரம் வைத்து எழுதுவதுதான் மருந்து. பலர் நான்காவது நோய்க்கு முதலாவதின் மருந்தைக் குடித்துக்கொண்டே பரீட்சைக்குப் போகிறார்கள். பல்தேர்வில் பிழைக்குக் கழிவு இல்லை, ஆகவே ஒன்றையும் வெறுமையாக விடவேண்டாம்.

செய்முறைப் பரீட்சை இல்லை என்பதற்காகப் பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள். அமைப்புக் கட்டுரையில் வேணியர் இடுக்கியும் நியமிப்பும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவருக்கு ஆய்வுகூடம் இல்லை. பழைய ஆசிரியரிடம் கேட்டு இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்த்தால் போதும். கூச்சம் வேண்டாம், அவர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

மற்றக் கதவுகள்

மூன்று ஷையும் முடிந்தவருக்கு அரச எம்.பி.பி.எஸ். கதவு மூடிவிட்டது. வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி என்று முகவர்கள் சொல்லும்போது, காசு கட்டமுதல் இலங்கை மருத்துவ சபையின் நிபந்தனையைப் பாருங்கள். அந்தக் கல்லூரி சபையின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் குறைந்தது இரண்டு சியும் ஒரு எஸ்ஸும் வேண்டும். நேர்சிங் பட்டம் அந்தப் பெறுபேற்றுக்குப் பதிலாகாது. படித்து வந்த பிறகு சபை மருத்துவராகப் பதிவதற்கு வைக்கும் ஈ.ஆர்.பி.எம். பரீட்சையில் சித்தியடைந்தால்தான் உள்ளகப் பயிற்சி. "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்பவரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். என்றால் வெளிநாட்டவரும் நீட் என்ற நுழைவுப் பரீட்சையை எழுதவேண்டும். மொத்தம் 720 புள்ளி, அதில் உயிரியல் 360, பௌதிகவியல் 180, இரசாயனவியல் 180. உயிரியலுக்குப் பாதி என்பதால் நேர்சிங்கிலிருந்து போபவருக்கு ஓரளவு சாதகம். ஆனால் பிழைக்கு ஒரு புள்ளி கழிப்பார்கள், ஏ.எல். பழக்கத்தில் எல்லாவற்றையும் நிரப்பினால் அடி விழும்.

கனடா, அமெரிக்காவில் குடியேறி நேர்சிங் படிக்கும் நம்மவர்களுக்கு ஒன்று. நேர்சிங்குக்கென்று வைக்கும் இரசாயனப் பாடத்தை மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை. விஞ்ஞானப் பட்டதாரிகள் எடுக்கும் பொது இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகவியல் ஆகியவற்றை ஆய்வுகூடத்தோடு தனியாக எடுக்கவேண்டிவரும். எம்கட் நான்கு பகுதி, 472இலிருந்து 528 வரை புள்ளி.

யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் கைதடியில் சித்த மருத்துவம் இருக்கிறது. ஐந்து வருடப் படிப்பு, அதன் பின் உள்ளகப் பயிற்சி. அதற்கும் உயிரியல் பிரிவு இசட் புள்ளிதான், ஷைக் கணக்கும் அதேதான். இதை இரண்டாந்தரமாகப் பார்த்து விண்ணப்பத்தில் கீழே போட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் உண்டு.

ஏன் விலகுகிறீர்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இரவு டியூட்டியும் வார்ட்டு நாற்றமும் பிடிக்கவில்லை என்றால், மருத்துவபீடத்தில் ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் உள்ளகப் பயிற்சி வருடத்தில் அதே வார்ட்டில் அதைவிடக் கூடுதலான இரவுகள் நிற்கவேண்டும். கலியாண வீட்டில் "நேர்ஸ்தானே" என்று யாரோ சொன்னது குத்துகிறது என்றால், அது நம் ஊரின் நோய். அதற்கு நீங்கள் மருந்து குடிக்கத் தேவையில்லை. நோயறிதலில், ஏன் இந்த மருந்து என்ற கேள்வியில் மனம் போய் நிற்கிறது என்றால் அது வேறு கதை.

விலகல் கடிதம்

முடிவெடுத்தபின் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வராமல் நின்றவர் என்று பதிவாவதும் விலகியவர் என்று பதிவாவதும் வேறு. பல்கலைக்கழகத்தில் முதலில் உதவிப் பதிவாளரிடம் போய், பதிவை இரத்துச் செய்வதா, படிப்பைத் தற்காலிகமாக இடைநிறுத்துவதா, எதற்கு என்ன கால எல்லை என்று கேளுங்கள். இடைநிறுத்தம் பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் பதிவு உயிரோடு இருப்பதால் மேலே சொன்ன தகுதிச் சிக்கல் அப்படியே இருக்கும். கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, துறைத்தலைவர் ஊடாகப் பீடாதிபதிக்குக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். நூலகம், விடுதி, புலமைப்பரிசில் மூன்றிலும் நிலுவை இல்லை என்ற கையெழுத்து வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் வாங்கியிருந்தால் எந்த மாதத்தோடு நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். சேரும்போது ஒப்படைத்த மூலச் சான்றிதழ்கள் இருந்தால் ஒவ்வொன்றாகப் பெயர் குறித்து வாங்குங்கள். முடித்த அலகுகளின் பெறுபேற்று அறிக்கையையும் எடுத்து வையுங்கள், இப்போது பயனில்லாமல் தெரிந்தாலும். இரத்தானதை உறுதிசெய்யும் கடிதம் கையில் வந்த பிறகுதான் வார்ட்டுச் சீருடையைக் கழுவி அலுமாரியில் வைக்கலாம். கடிதம் வராமல் கிழமைகள் போனால், நீங்களே போய்க் கேளுங்கள்.